நியாயஸ்தனை நீக்குவதற்கு முன்

ஜூட் கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு, தோளில் துண்டோடு சமையலறை வாசலில் நின்று, "கேஸ் புக் பண்ணிட்டியா?" என்று கேட்டார்.

"நேத்தே பண்ணியாச்சு," என்றாள் ஞானமேரி, திரும்பிப் பார்க்காமல்.

"சரி," என்று குளிக்கப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இட்லி வெந்து இறக்கின பிறகும் கேட்டது. சட்னி தாளித்த பிறகும் கேட்டது. அது பிப்ரவரி மாதத்துப் புதன்கிழமை. கதவை உடைக்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஆறு மாதம் கழித்து, ஆகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை காலை, அதே கைபேசியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் மருத்துவமனையின் மாடிப்படி ஏறினாள். மேலே 'அக்சிலியா துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை. அக்சிலியா இருபத்தாறு வருடம் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். ஊரில் யார் யாரோடு பேசினார்கள் என்பதைக் காதால் கேட்டே ஓய்வு பெற்றார். இப்போது பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிப்பு.

அவருக்கு உதவியாளர் மாதையன். திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் போடும் ரிக் லாரி ஓட்டியவர். ஐம்பது வயதில் முதுகு மக்கர் பண்ணவும் லாரியை விட்டுவிட்டு, அக்சிலியாவின் பழைய காரையும் வாயையும் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க. மாப்பிள்ளையா, பொண்ணுங்களா?" என்றார் மாதையன்.

"டீ," என்றாள் ஞானமேரி.

"வாங்கியாரச் சொல்றேனுங்க."

"இல்லைங்க. கேஸே டீதான்."

அவள் சொன்னாள். ஜூட் தேயிலைத்தூள் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. வாரத்தில் ஆறு நாளும் ஆறு திசையில் டீக்கடை டீக்கடையாகப் போவார். டீயைப் பற்றிப் பேசுவதற்கென்றே வாட்ஸாப்பில் 'இன்னொரு கிளாஸ்' என்று ஒரு குழு ஆரம்பித்தார். எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர். அவர் போன பிறகு, அவர் போனிலிருந்தே ஞானமேரி நடத்தி வருகிறாள். அவர் எண், அவர் படம். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு வணக்கம், டீயைப் பற்றி ஒரு குறிப்பு. துக்க விசாரிப்புகள் ஏழாம் நாளோடு போதும், இனி டீ மட்டும் பேசலாம் என்று அவளே எழுதிவிட்டாள். எல்லோரும் கேட்டார்கள்.

"ஒரே ஒருத்தரைத் தவிர?" என்றார் அக்சிலியா.

"அவர் அப்புறம் வந்தவர். பேர் நியாயஸ்தன். படத்துல ஒரு ஆடு."

நியாயஸ்தன் எதற்கும் ஒத்துக்கொள்வதில்லை. ஊட்டியில் உதயத்தைப் பார்த்தபடி டீ குடிக்கும் படத்தை ஒருவர் போட்டால், 'சூரியன் சரி. கிளாஸ் நிரம்பலை' என்பான். கிரீன் டீ என்று யாராவது எழுதினால், 'காய்ச்சல் வந்தவனுக்குக் கசாயம் குடுக்கிறது புண்ணியம். நல்லா இருக்கிறவன் ஏனுங்க குடிக்கோணும்' என்பான். ஒரு பெரியவர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையைப் போட்டபோது, 'பந்தியில காப்பியாம். நான் வரலை' என்றான். அவனை யாரும் கூப்பிடவே இல்லை.

"நீ என்ன சொல்லுவே?"

"'தங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு போடுவேன்."

"அதுக்கு?"

"அதுக்கப்புறம்தான் அக்கா இன்னும் மோசமாத் திட்டுவான்."

தேயிலை பற்றி வீடியோ போடும் இலக்கியா என்ற பெண், ஞாயிற்றுக்கிழமைக்குள் நியாயஸ்தனை நீக்காவிட்டால் தன்னோடு முந்நூறு பேர் வெளியேறுவார்கள் என்று கெடு வைத்திருந்தாள். ஜூட் கட்டின குழு. முந்நூறு பேர் போனால் மீதி என்ன இருக்கும் என்று ஞானமேரிக்குத் தெரியவில்லை.

"அதுக்கு எதுக்குங்க துப்பறியோணும்," என்றார் மாதையன். "ஒரு பட்டனை அமுக்குனா அந்தப்பக்கம் போயி உளுந்துருவான்."

ஞானமேரி போனைத் திருப்பி ஒரு செய்தியைக் காட்டினாள். போன வாரம் நியாயஸ்தன் எழுதியது: 'ஒத்துக்கிறேன். ஆனா நீங்க சொல்றது தப்பு.'

"இது எங்க வீட்டுக்காரர் வசனம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்கிட்ட சொல்லிட்டிருந்தார். இதை அவர் குழுவுல எழுதினது கிடையாது, நான் தேடிப் பார்த்துட்டேன். இது யாருக்குத் தெரியும்? தெரிஞ்சுகிட்டு அவர் குழுவுலயே வந்து ஏன் எழுதணும்? அது தெரியாம இந்தப் பட்டனை என்னால அமுக்க முடியலை."

மாதையன் அந்த எண்ணுக்குப் போன் போட்டார். உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண் குரல்.

"நம்பரு செத்துப் போச்சு, வாட்ஸாப்புல மட்டும் உசுரோட சண்டை போடுது," என்றார். பிறகு ஞானமேரியைப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தெருவை மிகவும் கவனமாகப் பார்த்தார்.

அக்சிலியா ஒன்றரை மணி நேரம் செய்திகளைப் படித்தார். அடுக்கடுக்காக மணியைக் குறித்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"மாதையா, இஞ்சி போடாத டீ சுடுதண்ணினு திங்கட்கிழமை சொல்றான். இஞ்சி போடறவன் முட்டாள்னு அதே திங்கட்கிழமை சொல்றான். என்ன அர்த்தம்?"

"கல்யாணம் ஆனவனுங்க."

"மணியைப் பாரு. காலையில ஏழு மணிக்கு எழுதறப்ப தண்ணியைப் பத்தி மட்டும்தான். அதுலயும் போர்வெல் தண்ணியை யாராவது குறை சொன்னா, பெத்த பிள்ளையைச் சொன்ன மாதிரி பாயறான். பத்தரை மணிக்குப் பால். கொழுப்பு எத்தனை புள்ளின்னு சொல்றான். மூணு மணிக்குத் தீ, அடுப்பு, எண்ணெய்ப் புகை. ஒருநாள் பத்தரை மணிக்காரன் ஏழு மணிக்காரன் எழுதினதையே மேற்கோள் போட்டு 'இதைச் சொன்னவன் மாடு மேய்க்கப் போகலாம்'னு எழுதியிருக்கான்."

"தன்னையே திட்டிக்கிறானுங்களா?"

"ஒரு ஆள் இல்லைடா. மூணு நாலு பேர். ஒரே போன். போன் நகரலை, ஆளுங்கதான் மாறி மாறி வர்றாங்க. நாள் பூரா ஆள் மாறி மாறி வந்து உக்கார்ற இடம் எது?"

"பெஞ்சு," என்றார் மாதையன் மெதுவாக. "டீக்கடை பெஞ்சுங்க."

"எந்த ஊர்ப் பெஞ்சு? ஆடிப்பெருக்கு அன்னிக்கு எல்லாரும் லீவு, குழுவுல நூத்தம்பது செய்தி. நியாயஸ்தன் மட்டும் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் வாயே திறக்கலை. அன்னிக்கு எந்த டீக்கடையில மூச்சு விட நேரமிருக்காது?"

"காவேரிக் கரையிலங்க."

"ஜூலையில ஒருநாள், 'மதகு தொறந்துட்டாங்க, சத்தத்துல ஒண்ணும் கேக்கலை, அப்புறம் வந்து உன்னைக் கவனிக்கிறேன்'னு எழுதியிருக்கான்." அக்சிலியா ஞானமேரி பக்கம் திரும்பினார். "மேரி, உங்க வீட்டுக்காரர் காவேரிக் கரைப் பக்கம் என்னிக்குப் போவார்?"

"புதன்கிழமை. திருச்செங்கோடு தாண்டி, ஜேடர்பாளையம் வரைக்கும்னு சொல்லுவார்."

"அங்கதான் அணைக்கட்டு இருக்கு. இன்னொண்ணு சொல்லு. இந்த நியாயஸ்தனைக் குழுவுல சேர்த்தது என்னிக்கு?"

"முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச மறுநாள். சேரணும்னு கேட்டிருந்தவங்க நிறையப் பேர் காத்திருந்தாங்க. மொத்தமா அனுமதி குடுத்தேன்."

"அவன் கேட்டது எப்போ?"

"அது பார்க்கலையே அக்கா."

"ம்," என்றார் அக்சிலியா. "போனைப் பத்திரமா எடுத்துக்கோ. கிளம்பலாம்."

சங்ககிரி வரை மாதையன் பேசவில்லை. அது ஒரு சாதனை. திருச்செங்கோட்டில் சாலையோரம் ரிக் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் வாய் திறந்தது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கிராமத்தில் எண்ணூறு அடி போட்டும் தண்ணீர் வராமல், ஊர்க்காரர்கள் தன்னைக் கட்டி வைத்துக்கொண்டு சாப்பாடு மட்டும் பிரமாதமாகப் போட்ட கதையை, ஜேடர்பாளையம் வரும் வரைக்கும் சொன்னார்.

அணைக்கட்டுப் பூங்காவுக்குப் பக்கத்தில் மீன் வறுவல் கடைகள். கடைசியில் ஒரு டீக்கடை. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஆட்டுக்குட்டி ஒன்று கட்டிப் போட்டிருந்தது. படத்தில் இருந்த ஆடுதான், கொஞ்சம் வளர்ந்திருந்தது.

அக்சிலியா காரை எதிர்ப்புறம் புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னார். "மாதையா, நீ மட்டும் போ. ஒரு டீ சொல்லு. யார் கையில போன் இருக்குன்னு பாரு. பேச்சுக் குடுக்காதே. வாயை மூடிட்டு உக்காரு."

"நான் பேசவே மாட்டேனுங்க."

மாதையன் போய் உட்கார்ந்தார். பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். அடுப்புக்குப் பின்னால் வயதான ஒரு அம்மா. ஒரு பிஸ்கட் டப்பா மேல் போன் சாய்த்து வைத்திருந்தது.

"இப்ப குழுவுல ஏதாவது எழுது மேரி," என்றார் அக்சிலியா. "ஏழு மணிக்காரனுக்குக் கோபம் வர்ற மாதிரி."

ஞானமேரி யோசித்தாள். அவள் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவள். யாருக்கும் கோபம் வருகிற மாதிரி எழுதிப் பழக்கமில்லை. கடைசியில், 'போர்வெல் தண்ணீரில் டீ போடுவது தேயிலைக்குச் செய்கிற துரோகம்' என்று எழுதி அனுப்பினாள்.

எதிரே பிஸ்கட் டப்பா ஒரு சத்தம் போட்டது. மூன்று பேரும் கோழிகள் தவிட்டுக்குக் குனிகிற மாதிரி ஒன்றாகக் குனிந்தார்கள். அடுப்பை விட்டுவிட்டு அந்த அம்மாவும் வந்து குனிந்தார். ஒரு நெட்டைக் கிழவர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். எதிர்பாராத விதமாக அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. மாதையன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரை நிமிடம் அப்படியே இருந்தார். பிறகு அவரும் எழுந்தார். கையை நீட்டினார். யாரோ போனை அவர் கையில் கொடுத்தார்கள்.

ஞானமேரியின் கையில் இருந்த போன் அதிர்ந்தது. நியாயஸ்தன் எழுதியிருந்தான்: 'நான் எட்டு மாநிலத்துல போர் போட்டவன். தண்ணியைப் பத்தி எனக்குச் சொல்லித்தர வேண்டாம். மத்தியப் பிரதேசத்துல எண்ணூறு அடியில...'

"இது நம்ம ஆளு," என்றாள் ஞானமேரி.

அக்சிலியா கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "குற்றவாளியைப் பிடிக்கப் போனவன் அவங்க கூட்டத்துல சேர்ந்து பத்து நிமிஷம்கூட ஆகலை."

அவர்கள் சாலையைக் கடந்து வந்தபோது மாதையன் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். அக்சிலியா அவர் கையிலிருந்து போனை வாங்கினார்.

"ஒரு நிமிசமுங்க, முடிச்சுர்றேன்."

"முடிஞ்சுது. யாருங்க இங்க நியாயஸ்தன்?"

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நெட்டைக் கிழவர் முன்னால் வந்தார். அவர் பெயர் கந்தவேல். முப்பது வருடம் ரிக்கில் இருந்தவர். இந்தக் கடைக்குப் போர்வெல் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். ஆறு கண்ணுக்கெதிரில் ஓடினாலும் கடையில் டீ அந்தத் தண்ணீரில்தான் போட வேண்டும் என்பது அவர் ஏற்பாடு.

"காலையில நானுங்க," என்றார். "பத்தரைக்குப் பால் சொசைட்டிக்காரரு. மூணு மணிக்கு இந்த மீன்கடைக்காரரு. பஸ் இல்லாத நேரத்துல சின்னாயியம்மா. ஒருத்தரே திட்டுனா சலிச்சுப் போயிரும்னு முறை போட்டுக்கிட்டோமுங்க. நீங்க போலீஸுங்களா?"

அக்சிலியா போனைப் பிஸ்கட் டப்பா மேல் திரும்ப வைத்தார். கந்தவேலின் பார்வை ஞானமேரியின் கையில் இருந்த போனுக்குப் போனது. அதன் உறையில் அவள் வரைந்து ஒட்டியிருந்த சின்னச் சிலுவை. அது அவருக்குத் தெரிந்திருந்தது.

"இது ஜூட் சார் போனாச்சுங்களே."

அடுப்புக்குப் பின்னால் இருந்த சின்னாயி கரண்டியோடு வெளியே வந்தார். ஞானமேரியை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"சார் ஊட்டம்மாவா? வா சாமி, உக்காரு. சாரு எங்கே? வண்டிக்குள்ளயே உக்காந்திருக்காரா? கோவமா? எறங்கி வரச் சொல்லு சாமி. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

அவர் முடிப்பதற்குள் கந்தவேல் சாலையைக் கடந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, "ஏனுங்க சார், ஆறு மாசமா ஒளிஞ்சுக்கிட்டா உட்ருவமா," என்று சொல்லிக்கொண்டே போனார். காரின் முன் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் வந்து பார்த்தார். கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு, பின்சீட்டில் யாராவது குனிந்து உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்தார்.

ஞானமேரி பெஞ்சில் உட்கார்ந்தாள். பால் சொசைட்டிக்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

கந்தவேல் திரும்பி வந்து நின்றார். அவள் சொன்னாள். பிப்ரவரி மாதம். புதன்கிழமை. குளிக்கப் போனார்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. சின்னாயி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாதையன் போய் அடுப்பை அணைத்தார்.

"புதன்கிழமைன்னா," என்றார் கந்தவேல், "எங்களுக்கு வர வேண்டிய நாளுங்களே."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஆறு வருடம் புதன்கிழமை தவறாமல் ஜூட் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கந்தவேலோடு சண்டை போட்டிருக்கிறார். கடைசியாக வந்த அன்று போர்வெல் தண்ணீர் விஷயம் பாதியில் நின்றது. அடுத்த வாரம் வந்து நிரூபிக்கிறேன், அதுவரைக்கும் நம்ம குழுவுல வந்து பேசுங்க என்று கடைப் போனுக்கு லிங்க் அனுப்பிவிட்டுப் போனார். இவர்கள் அன்றைக்கே சேரக் கேட்டிருந்தார்கள். அனுமதி கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்கு முன்னால் எழுதப்பட்ட துக்கச் செய்திகள் எதுவும் புதிதாகச் சேர்ந்தவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஜூட்டுக்குப் பதிலாக வந்த புதுப் பையனைக் கேட்டபோது, அவர் இப்ப லைன்ல இல்லீங்க என்றான். பிரமோஷன் வந்து ஆபீசில் உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"குரூப்புல பாத்தா சாரு படம். காலையில ஆறு மணிக்கு டாண்ணு வணக்கம் போடறாரு. நல்லா இருக்காருன்னுதானுங்க நெனச்சோம்," என்றார் மீன்கடைக்காரர்.

"நான் சண்டைக்கு இழுத்தேனுங்க," என்றார் கந்தவேல். "ஆறு வருசம் எங்கூட மல்லுக்கட்டுன மனுசன், 'தங்கள் கருத்துக்கு நன்றி'ங்கறாரு. எனக்கு எப்புடி இருக்கும் சொல்லுங்க. பதவி வந்ததும் பெரிய மனுசனாயிட்டாருன்னு வயிறு எரிஞ்சு போச்சு. கோவம் வந்து நேர்ல வர்ற வரைக்கும் உடறதில்லைன்னு முடிவு பண்ணுனோம். போன வாரம் அவரு வசனத்தையே எடுத்து அவரு மேல எறிஞ்சேன். அப்பவும் நன்றின்னு வந்துச்சு."

"அந்த வசனத்தை இங்கேயும் சொல்லுவாரா?"

"அதை மட்டும்தானுங்க சொல்லுவாரு."

ஞானமேரி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இருபத்தைந்து வருடம் தனக்கு மட்டுமே சொன்னதாக நினைத்திருந்தாள்.

கந்தவேல் குனிந்து ஆட்டுக்குட்டியின் கயிற்றை இறுக்கிக் கட்டினார். "அப்ப அந்த 'நன்றி'யெல்லாம் நீங்க எழுதுனதுங்களா அம்மிணி?"

"நான்தான்."

"அதானே பாத்தேன்," என்றார். "சாரு மாறலை." அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து வந்து, பிஸ்கட் டப்பா போனை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். "எங்களை நீக்கிருங்க அம்மிணி. தெரியாம எழவு ஊட்டுல நின்னு கத்திட்டோம்."

"வேண்டாம்," என்றாள் ஞானமேரி. "உள்ளேயே இருங்க."

"அப்ப அந்த முந்நூறு பேரு?" என்றார் மாதையன்.

அவள் ஜூட்டின் போனை எடுத்து அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். 'பிறகு சேர்ந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்: இந்த எண்ணில் ஆறு மாதமாக எழுதி வருவது ஜூட் அல்ல, அவர் மனைவி ஞானமேரி. நியாயஸ்தன் அவருடைய நண்பர்கள். அவர்களை நீக்கப் போவதில்லை. வெளியேற விரும்புகிறவர்கள் வெளியேறலாம். கந்தவேல் அவர்களுக்கு: போர்வெல் தண்ணீர் டீக்கு ஆகாது.' அனுப்பிவிட்டு ஜூட்டின் படத்தை எடுத்தாள். வேறு படம் போடவில்லை. அந்த வட்டம் வெறுமையாக நின்றது.

திரும்பும்போது திருச்செங்கோடு தாண்டின பிறகு கேட்டாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அக்கா?"

"பாதி. அவன் யாரோட சண்டை போட்டாலும், முடிவா உன் பதிலுக்குத்தான் காத்திருந்தான். நீ 'நன்றி' போட்டதும் கோபம் ரெண்டு மடங்கு. யாரோ ஒருத்தரைக் கூப்பிட்டுப் பார்க்கிற மாதிரி இருந்துது. யாரைன்னு அங்க போய்த்தான் தெரிஞ்சுது."

"என்னைக் கேட்டிருந்தா நான் முதல்லயே சொல்லியிருப்பேனுங்க," என்றார் மாதையன்.

"நீ பேசாதே. நீயும் நியாயஸ்தன்."

ஞாயிற்றுக்கிழமை இலக்கியாவோடு குழுவை விட்டுப் போனவர்கள் பதினொரு பேர். செவ்வாய்க்கிழமைக்குள் ஏழு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். இலக்கியாவும்தான். பால் சொசைட்டிக்காரருக்குப் பதில் சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை.

புதன்கிழமை பள்ளி விட்டதும் ஞானமேரி சேலம் புதிய பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினாள். அதற்கடுத்த புதனும் போனாள். இப்போது வாராவாரம் போகிறாள். சின்னாயி கடை டீயில் சர்க்கரை அதிகம். போகும்போதெல்லாம் சொல்கிறாள். சின்னாயியும் சரி சாமி, சரி சாமி என்கிறார். சர்க்கரை குறையவில்லை.